ஊரார் கேட்டு வாங்கிய என் அக்காவின் பெயர்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. முதலாண்டு வழிபாட்டுக்கு வருகிறவர்கள் கையில், அவரது வாழ்க்கையைச் சொல்லும் ஒரு சிறு மலர் இருக்க வேண்டும் என்று என் மகன் விரும்பினான். யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் என்பதால், எதை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று நம்புகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அக்காவைப் பற்றி எழுத உரிய மனநிலை எனக்கு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: நான் அக்காவைப் பார்த்து ஆயுள் முழுக்கப் பொறாமைப்பட்டவள். முக்கியமாக, அவரது பெயரைப் பார்த்து. இதை மறைத்து எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரியும்.

அக்கா பிறந்தது பிச்சாட்டூரில். எங்கள் நைனா அங்கே ஆரணியாற்று அணையில் மதகு திறக்கும் லஸ்கர் வேலையில் இருந்தார். நல்ல மழை பெய்து அணை ததும்பி நின்ற ஓர் ஐப்பசியில் தலைச்சன் பெண் பிறந்த சேதி அவருக்கு மதகின் மேல் வந்து சேர்ந்தது. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே "ஆரணி" என்றாராம். அத்தோடு முடிந்தது. தாய்மாமன் வீட்டார் நினைத்து வைத்திருந்த முனியம்மா என்ற பெயர் எடுபடவில்லை.

சில ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். நடுக்கோடை. ஆற்றில் மணல்தான் இருந்தது. கிழமை வெள்ளி. "வெள்ளிக்கெழம பொறந்தவளுக்கு இன்னா யோசன? லட்சுமினு கூப்புடு" என்று சொல்லிவிட்டு நைனா சாப்பிட உட்கார்ந்தாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

ஆரணி என்றால் பார்வதி. மறைகளுக்கு ஆரணம் என்றொரு பெயர் உண்டு. அவற்றுக்கு உரியவள் ஆரணி. இது நைனாவுக்குத் தெரியாது. அவர் ஆற்றைத்தான் வைத்தார். ஆறு தன்னோடு அம்பாளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பள்ளியில் தமிழையா இந்த விளக்கத்தைச் சொன்ன அன்று, அக்கா இடைவேளையில் என் வகுப்புக்கு ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னார்.

"அப்ப எம்பேருக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"உம்பேருக்கு இன்னாடி அர்த்தம்? லட்சுமின்னா லட்சுமிதான்."

அன்று ஆரம்பித்தது.

அந்தப் பெயருக்குக் கேலியும் உண்டு. தெலுங்கு ஐயவாரு வருகைப் பதிவு எடுக்கும்போது, "ஆரணி அண்டே ஊரு கதம்மா! ரேப்பு சித்தூரனி இங்கொகத்தி வஸ்துந்தா?" என்பார். ஊர்ப் பெயரை ஒருத்திக்கு வைத்தால் நாளைக்குச் சித்தூர் என்றும் ஒருத்தி வருவாளா என்று அவருக்குக் கவலை. பையன்கள் ஆரணிப் பட்டுச் சேலையை நினைத்துக்கொண்டு, "சேல வருது, வழி வுடுங்கடா" என்பார்கள். அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, "வெல ஜாஸ்திடா, தள்ளி நில்லு" என்று போய்விடுவார். என்னை யாரும் கேலி செய்யவில்லை. செய்ய ஒன்றுமில்லை. வகுப்பில் எனக்கு முன்னால் ஒரு லட்சுமி, பின்னால் ஒரு லட்சுமி.

எட்டாவதோடு அக்காவின் படிப்பு நின்றது. நகரியில் தறி போட்டிருந்த குடும்பத்தில் அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா சாதுவானவர். குழந்தை பிறக்கவில்லை. அதற்காக அக்கா கேட்ட பேச்சுகளை இங்கே எழுத விரும்பவில்லை. பேசியவர்களில் சிலர் இந்த மலரை வாங்கப் போகிறார்கள்.

நகரியில் புதுத் தறி பூட்டினால் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கைராசியுள்ள ஒரு சுமங்கலியை அழைத்து, ஊடை நூலை இழுத்துப் போகும் நாடாவை முதன்முதலாக ஓடவிடுவது வழக்கம். அக்கா வந்த புதிதில், எதிர் வீட்டுக்காரர்கள் வழக்கமாக அழைக்கும் அம்மாள் ஊரில் இல்லாததால் அக்காவை அழைத்தார்கள். அந்தத் தறியில் நெய்த சேலைகள் அந்தத் தீபாவளிக்கு வீட்டில் தங்கவில்லை. பண்டிகைக் காலத்தில் எந்தச் சேலைதான் தங்கும் என்று நான் கேட்டேன். என் கேள்வியை யாரும் பதிவு செய்துகொள்ளவில்லை. அதற்குப் பிறகு தெருவில் எந்தத் தறி பூட்டினாலும் அக்காதான். கைத்தறிகள் விசைத்தறிகளாக மாறியபோது நாடாவுக்குப் பதில் சுவிட்சு வந்தது. அதற்கும் அவர் விரல்தான் வேண்டியிருந்தது. மஞ்சள் பூசிய கையால் தட்டிவிட்டு, தறி கடகடவென்று எழும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

நான் அதே நைனாவுக்குப் பிறந்து, பரீட்சை எழுதி, தேறி, வேலைக்குப் போனவள். அலுவலகத்தில் லட்சுமிகள் பலர் என்பதால் இன்வர்டு லட்சுமி, பென்ஷன் லட்சுமி என்று பிரித்து வைத்திருந்தார்கள். நான் சர்டிபிகெட் லட்சுமி. ஒருமுறை வருமானச் சான்றுக்காக நகரியிலிருந்து வந்த ஓர் அம்மாள் என் மேசை முன் நின்று என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"மேடம், நீங்க ஆரணியம்மா கூடப்பொறந்தவங்களா?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"அப்ப உங்க கையும் ராசியாத்தான் இருக்கும். சீக்கிரமா போடுங்க மேடம், பஸ்ஸு பூடும்."

என் கையின் ராசி பஸ்ஸைப் பிடிக்கத்தான் பயன்பட்டது. என் கணவர் இன்றும் நலமாக இருக்கிறார். ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு தறிக்குக்கூட என்னை யாரும் அழைத்ததில்லை.

பிறகு மாமா போனார். தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழவில்லை. அதற்குப் பின் ஊரில் யாரும் அக்காவைத் தவறாக ஒரு சொல் சொல்லவில்லை. அழைப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். எதிர் வீட்டில் புதுத் தறி ஓடும் சத்தம் கேட்டுத்தான் அங்கே தறி பூட்டியது அக்காவுக்குத் தெரிந்தது. அவர் அடுப்பைப் பார்க்கப் போனார். இனி நானும் அக்காவும் சமம் என்று என் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கும் நிலைக்கவில்லை.

செங்கல்வராயன் என்பவர் அக்கா தெருவில் பெரிய தறிக்காரர். நான் விடுப்பில் வந்திருந்த ஒரு காலையில் அவர் வெற்றிலைத் தட்டோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"வாங்க பெரிய மாமா, ஏன் அங்கியே நிக்கிறீங்க?" என்றார் அக்கா.

"இல்லம்மா... தறி எறக்கிக்கீறேன்."

"நல்லதுதான."

"உன்ன கூப்புட முடியாதபடிக்கு ஆயிப்போச்சு."

"அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"அதான், ஒண்ணு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். மருமவளுக்குப் பொண்ணு பொறந்துக்கீது. உம்பேர வெச்சிக்கிறோம். அந்தப் புள்ள கையால சுவிட்சு போட்டா ஆரணி போட்ட மாதிரிதான? பேருக்கு இன்னாம்மா தோசம்?"

நான் குறுக்கே புகுந்தேன். "இது நல்லாக்கீதே! கை ஆவாது, பேரு மட்டும் ஆவுமா? ஒத்துக்காத அக்கா" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேருக்கு எனக்கு இன்னா பட்டாவாடி குடுத்துக்கீறாங்க?" என்றார். பிறகு அவரிடம், "எடுத்துக்கினு போங்க பெரிய மாமா. பச்சப்புள்ளைக்கு சுவிட்சு எட்டாது, தூக்கிப் புடிச்சுக்குங்க. சத்தத்துக்கு பயந்துக்கும். காதுல பஞ்சு வெக்க மறந்துடாதீங்க" என்றார்.

அப்படித்தான் அந்தப் பெயர் ஊருக்குள் இறங்கியது. கைக்கு வந்த தடை பெயருக்கு இல்லை என்று செங்கல்வராயன் கண்டுபிடித்ததை மற்றத் தறிக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். பெண் பிறந்த வீடெல்லாம் ஆரணி. மஞ்சள் பூசிய பிஞ்சு விரலைப் பிடித்து சுவிட்சில் வைத்துவிட்டு, "ஆரணி போட்டாச்சு" என்பார்கள். அக்கா அந்த நேரத்தில் அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டார். மறுநாள் சர்க்கரைப் பொங்கல் கிண்டி எடுத்துக்கொண்டு போய்க் குழந்தையைப் பார்த்து வருவார். "என்ன கூப்புட்டிருந்தா கைதான் வலிச்சிருக்கும். இது நோவாம நடக்குது பாரு" என்று என்னிடம் சொல்வார். அவர் வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. வருத்தத்தை முகத்தில் காட்டுவது எங்கள் வீட்டில் என் துறை.

காலம் போகப்போக, தெருவில் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் யாராவது ஆரணி என்று குரல் கொடுத்தால் பல வாசல்களில் தலை நீளும். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று என்னிடம் வந்தார்கள். எல்லாவற்றிலும் மேலே ஆரணி, கீழே கையெழுத்து லட்சுமி. என் வாழ்க்கை வரலாறு என்று ஒன்று எழுதினாலும் அதில் இதற்கு மேல் இருக்காது.

என் மகனை வளர்த்ததும் அக்காதான். நான் புத்தூர், சத்தியவேடு என்று மாற்றல் உத்தரவுகளோடு சுற்றிக்கொண்டிருந்தபோது, அவன் அக்கா வீட்டில் தூங்கி, அக்கா கையால் தின்று வளர்ந்தான். காய்ச்சல் வந்தால் 'பெரிம்மா' என்றுதான் முனகுவான். சிறுநீரகக் கோளாறு முற்றியபோது அவன் அக்காவைத் திருப்பதிக்குத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டான். என் மருமகள் திருப்பதிப் பெண். அப்போது கர்ப்பமாக இருந்தாள். மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் குழந்தைப் பெயர் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அத்தை, பொண்ணு பொறந்தா பெரியத்தை பேரே வெச்சிடலாம். நெட்ல சூசினேன், 'ரேர் நேம்'னு போட்டிருக்கு. பாப்புலாரிட்டி சாலா தக்குவ, ரொம்பக் கொறைவு."

"உன் நெட்ட ஒரு வாட்டி நகரிக்குக் கூட்டினு வா. கொறைவா நெறைவானு காட்டறேன்" என்றேன்.

வாங்கிப் பார்த்தேன். பொருள்: 'அமைதியான காடு' என்று போட்டிருந்தது. வேறெதோ ஒரு சொல்லோடு குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். திருத்த மனு கொடுக்க அந்தத் தளத்தில் வழியில்லை.

முறை என்று ஒன்று இருக்கிறது. பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டியின் பெயரை உடையவள். எங்கள் வழக்கப்படி மகனுக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான். இதை நான் எடுத்துச் சொன்னேன். மகன் தரையைப் பார்த்தான். மருமகள் போனைப் பார்த்தாள். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த அக்காதான் பேசினார்.

"மொற அவளுதுடா. லட்சுமினு வை."

"ஊர்ல பாதிப் பேரு லட்சுமி, பெரிம்மா."

"இருக்கட்டும். எவ்ளோ வருசமா காத்துக்கினு கீறா. மொகத்த பாரு அவ மொகத்த."

எனக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக்கூட அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

அதற்குச் சில நாட்களில் அக்கா போனார். கடைசி நேரத்தில் தாகம் என்றார். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தது நான். திருப்பதியிலிருந்து வடமாலபேட்டை, புத்தூர் வழியாக நகரி வரை வண்டியில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரிலிருந்த ஆரணிகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்து குவிந்தார்கள். "எங்க ஆரணியம்மா பூட்டாங்களே" என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அதுவரை வந்துகொண்டிருந்த அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அதென்ன, எங்க ஆரணியம்மா? அவர் யாருக்கு அக்கா? கூடத்தில் எனக்கு உட்கார இடமில்லாமல் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பேத்தி பிறந்தாள். பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம், ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. அப்படியே பதிந்தோம். லட்சுமி என்பது முடிவான விஷயம். மருமகள் மட்டும் அதை லக்ஷ்மிஸ்ரீ ஆக்கலாமா, லக்ஷிதா ஆக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஆசைப்பட்டபடி நகரி வீட்டில் தொட்டில் போடுவது என்று எல்லோரும் வந்து சேர்ந்தோம்.

தொட்டிலுக்கு முதல் நாள் செங்கல்வராயனின் பேத்தி வந்தாள். அவள்தான் ஊரின் முதல் ஆரணி. இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கையில் ஸ்வீட் பெட்டி.

"சித்தி, எங்கண்ணனுக்குப் பொண்ணு பொறந்துக்கீது. நான் கல்யாணமாகி பூட்டா வீட்ல அந்தப் பேரு இல்லாம பூடும்னு தாத்தா பயப்படறாரு. அதான் கொழந்தைக்கும் அதே பேர வெக்கலாம்னு. பெரிம்மா இருந்தா அவங்கள கேட்டிருப்போம். இப்ப உங்களதான கேக்கணும்?"

"கெடையாது" என்றேன்.

"இன்னா சித்தி?"

"அந்தப் பேரு எங்க வீட்டுக் கொழந்தைக்கு வெச்சாச்சு. நாளைக்குத் தொட்டில்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

"அதுக்கு இன்னா சித்தி? ஊர்ல எத்தினியோ பேருக்குக் கீது. இன்னொருத்திக்கு வெச்சா தேஞ்சா பூடும்?"

"தேஞ்சுதான் பூடும். எங்கக்கா பேரு அது. எங்க வீட்ல ஒருத்திக்கும் இல்ல, ஊரே வெச்சிக்கினு கீது. மொதல்ல எங்களுக்கு. அப்புறம் மிச்சம் இருந்தா உங்க தாத்தாவுக்கு."

உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மருமகள் என் மகனை அழைப்பது கேட்டது. "ஏவண்டி, வின்னாரா? கேட்டீங்களா? அத்தையே ஒத்துக்கிட்டாங்க!"

வந்திருக்கும் உறவினர்கள் சிலர் இதை என் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டதாக அறிகிறேன். திருத்திக்கொள்ளவும். அக்காவிடம் பொறாமைப்பட்டு அந்தப் பெயரைத் தள்ளி வைத்தேன். ஊராரிடம் பொறாமைப்பட்டு அதே பெயரை இழுத்து வைத்துக்கொண்டேன்.

தொட்டிலில் போடும்போது குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. என் மகனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லாததால் அது என்னிடம் வந்தது. குனிந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் மூத்தவர்களைப் பெயர் சொல்வதில்லை. அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன், சரிபார்த்திருக்கிறேன், முத்திரை குத்தியிருக்கிறேன். என் வாயால் சொன்னதில்லை. நாக்கு எழவில்லை. பெண்கள் வெற்றிலைத் தட்டோடு சுற்றி நிற்கிறார்கள்.

"செப்பண்டி அத்தை, பாப்பா தூங்கிடப் போறா" என்றாள் மருமகள்.

சொன்னேன். ஒவ்வொரு முறையும், "எவடி அவ, என்னப் பேர் சொல்லிக் கூப்புடறவ?" என்று அக்கா சமையல்கட்டிலிருந்து கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அன்றுதான் அவர் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பதினாறாம் நாள் நின்ற அழுகை தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழுதாக வந்தது.

இனி நன்றிக்கு உரியவர்கள். திருப்பதியில் அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும், இரவுகளில் அவர் கால் பிடித்துவிட்ட செவிலியர்களுக்கும். வண்டி வந்த அன்று தெரு முழுவதும் தறிகளை நிறுத்தி வைத்த நகரி நெசவாளர்களுக்கும். காரியங்களுக்குப் பந்தல் போட்டுத் தந்ததோடு, நான் பேசிய பேச்சுக்குப் பிறகும் தொட்டிலுக்குச் சேலை நெய்து அனுப்பிய செங்கல்வராயன் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. அவர்களது கோரிக்கை என் பரிசீலனையில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு மகனாக நின்று எல்லாக் கடன்களையும் செய்த என் மகனுக்கும், மாமியார் முகத்தைப் படிக்கத் தெரிந்த மருமகளுக்கும் தனியே நன்றி.

பேத்தி இப்போது தவழ்கிறாள். பிறப்புச் சான்றில் பெயரைச் சேர்த்தாயிற்று. வீட்டில் எல்லோரும் ஆரணி என்கிறார்கள். எனக்குத் தொட்டிலில் சொன்னதோடு சரி, மறுபடி அந்தப் பெயர் வாயில் வரவில்லை. நான் அவளை அக்கா என்று கூப்பிடுகிறேன். உடனே திரும்பிப் பார்த்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருகிறாள்.

"அதுக்குக் கொழப்பமா ஆயிடப்போவுதும்மா" என்கிறான் மகன்.

ஆகட்டும். அந்தப் பெயரை ஊரில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அக்கா என்று கூப்பிடும் உரிமை எனக்கு மட்டும்தான். அதை யார் தட்டோடு வந்து கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கை